என்ஜின் இறங்கும், வண்டி தாங்குமா?

பழைய அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு கடைசியில் என்ஜினில் வந்து நிற்கும். தகடு இன்னும் கெட்டியாக இருக்கிறது, பின் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், பள்ளத்தில் விழுந்தாலும் உள்ளே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் மலை ஏற்றம் வந்தால் இரண்டாம் கியரைத் தாண்ட மறுக்கிறது. வேறு என்ஜின் போட்டுவிட்டால் என்ன? பட்டறையில் கேட்டால் உடனே பதில் வரும்: "இறக்கிடலாம் சார், இடம் நெறைய இருக்கு."

அந்தப் பதில் பொய்யில்லை. அம்பாசடரின் பானட்டைத் திறந்து பார்த்தால் என்ஜினுக்கு இரண்டு பக்கமும் ஆள் கை விட்டு வேலை செய்யுமளவுக்கு இடம் இருக்கும். சங்கிலிக் கப்பியில் தொங்கவிட்டு இன்னொரு என்ஜினை உள்ளே இறக்குவது அரை நாள் வேலை. இந்த மாற்றத்தில் எளிதான பகுதியும் அதுதான். ஒரு காரில் என்ஜினைத் தொட்டுக்கொண்டு இருக்கும் பொருள்கள் ஏராளம்: கிளட்ச், கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், பிரேக் பூஸ்டர், பெட்ரோல் டேங்க், சைலன்சர், வயரிங், ஸ்பீடோமீட்டர், கடைசியாக ஆர்.சி. புக். இவை ஒவ்வொன்றும் பழைய என்ஜினின் அளவுக்கும் சுபாவத்துக்கும் ஏற்றபடி அமைந்தவை. புது என்ஜின் வந்ததும் ஒவ்வொன்றோடும் தனித்தனியாகப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். செலவும் காலமும் போவது அங்கேதான்.

இதற்கு அம்பாசடரின் கதையே நல்ல பாடம். உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் இந்தக் காரைத் தயாரிக்கத் தொடங்கியது 1950களின் இறுதியில். நிறுத்தியது 2014 மே மாதத்தில். உடம்பு பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. தொடக்கத்தில் இருந்த சைடு-வால்வ் என்ஜின் சீக்கிரமே போய், பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் 1489 சிசி பெட்ரோல் என்ஜின் வந்தது. சுமார் 50 குதிரைத்திறன். பிறகு அதே 1489 சிசியில் ஒரு டீசல், 37 குதிரைத்திறன். ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள காருக்கு இது எவ்வளவு குறைவு என்று டாக்சி ஓட்டியவர்களைக் கேட்டால் தெரியும். 1984இல் வந்த கான்டெஸா காரின் பெரிய உடம்புக்குள்ளும் நிறுவனம் முதலில் வைத்தது இந்தச் சின்ன பிஎம்சி என்ஜினைத்தான். எல்லோரும் குறை சொன்ன பிறகு இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின் கான்டெஸாவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அதே என்ஜின் அம்பாசடருக்குள்ளும் இறங்கியது, 75 குதிரைத்திறனோடு.

கவனிக்க வேண்டியது இதுதான்: கார் நிறுவனமே என்ஜினை மாற்றியபோது என்ஜினை மட்டும் மாற்றவில்லை. அதோடு ஐந்து கியர் பெட்டியும் வந்தது. ஸ்டீயரிங்கின் பக்கத்தில் இருந்த ஹேண்ட் கியர் போய், தரையிலிருந்து எழும் கியர் லீவர் வந்தது. அதற்காக நடுத்தரையின் தகடு மாறியது, முன்பக்கம் நீளமாக ஒரே பெஞ்சாக இருந்த சீட்டு இரண்டாகப் பிரிந்தது. வரைபடமும் அச்சுகளும் சோதனைச் சாலையும் கையில் வைத்திருந்தவர்களுக்கே இவ்வளவு மாற்றம் தேவைப்பட்டது. நம் பட்டறையில் மாற்றும்போது இவை தேவைப்படாது என்று நினைக்கக் காரணம் எதுவும் இல்லை.

நிறுவனம் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் சொந்தமாக மாற்றியவர்கள் நிறையப் பேர். டீசல் விலை பெட்ரோலைவிட வெகுவாகக் குறைந்திருந்த காலத்தில், மேட்டடோர் வேனிலிருந்து கழற்றிய டீசல் என்ஜினை அம்பாசடரில் இறக்கி ஓட்டினார்கள். பழைய பெட்ரோல் ஜீப்புகள் டீசலாக மாறின. அவற்றில் சில நன்றாக ஓடின. பல, கிளட்ச் பிளேட்டையும் கிராஸ் பேரிங்கையும் தின்றுகொண்டே ஓடின. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் உட்காரும் இடம். என்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப் எல்லா என்ஜினிலும் ஒரே வடிவில் இராது. சிலவற்றில் குழி முன்பக்கம், சிலவற்றில் பின்பக்கம். காரின் முன் குறுக்குச் சட்டம் எங்கே வருகிறதோ அங்கே குழி வந்தால் என்ஜின் உட்காராது. அப்போது சம்ப்பை வெட்டி ஒட்டுவார்கள். வெட்டும்போது உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயையும் இடம் மாற்ற வேண்டும். அது சம்ப்பின் ஆழமான இடத்தில் இல்லையென்றால் ஏற்றத்திலோ திடீர் பிரேக்கிலோ ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அந்தச் சில நொடிகளில் பேரிங் போய்விடும். ஆயில் அளவுக் கம்பியின் குறியும் தப்பாகிவிடும், அதையும் திருத்த வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பில் சிக்கல் இன்னும் கூடுதல். சம்ப்புக்குக் கீழேயே முன் ஆக்சில் ஹவுசிங் மேலும் கீழும் ஆடும், பள்ளத்தில் அது எவ்வளவு உயரம் ஏறி வரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அடுத்தது எடை. வார்ப்பிரும்பு டீசல் என்ஜின் அதே அளவு பெட்ரோல் என்ஜினைவிட நன்றாகவே கனக்கும். அம்பாசடரின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி. முன்பக்கம் தாழ்ந்துவிட்டால் அந்தக் கம்பியைப் பல் மாற்றிப் பொருத்தி உயர்த்துவது பட்டறைகளில் வழக்கம். பார்க்க வண்டி சமமாக நிற்கும். ஆனால் இப்படிச் செய்வதால் உயரம் மட்டும்தான் கூடும், கம்பியின் விறைப்பு கூடாது. கூடுதல் எடையோடு பள்ளத்தில் இறங்கும்போது முன்பு போலவே அடி வாங்கும். உதவிப் பம்ப் எதுவும் இல்லாத அந்த ஸ்டீயரிங் கைக்குக் கனக்கும். அம்பாசடருக்கு லாரி போலத் தனிச் சேஸும் கிடையாது, உடம்பும் அடிச்சட்டமும் ஒன்றே. டீசலின் உதறல் மவுண்டிங் வழியாக நேராகத் தகட்டுக்குப் போகிறது. பெட்ரோல் என்ஜினுக்கு இருந்த ரப்பர் மவுண்டிங்கையே டீசலுக்கும் வைத்தால், சில காலத்தில் மவுண்டிங் பற்றவைத்த இடத்தைச் சுற்றித் தகட்டில் மெல்லிய விரிசல் தெரியும்.

இனி இந்த வேலையின் கழுத்து: என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். ஒவ்வொரு நிறுவனத்தின் பெல் ஹவுசிங்கிலும் போல்ட் துளைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒரே குடும்ப என்ஜின் என்றாலும் நிச்சயம் சொல்ல முடியாது. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி என்ஜின் நம் அம்பாசடர் என்ஜினுக்கு நேர் உறவு, இரண்டும் பிஎம்சி பி-சீரிஸ்தான். ஆனால் 1960களின் நடுவில் அதன் கிராங்கை மூன்று பேரிங்கிலிருந்து ஐந்து பேரிங்குக்கு மாற்றியபோது கிராங்கின் பின்முனையும் ஃப்ளைவீலும் மாறிவிட்டன.

துளைகள் பொருந்தாதபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு கெட்டித் தகடு வைப்பார்கள். லேத் பட்டறையில் இதை அடாப்டர் பிளேட் என்பார்கள். ஒரு பக்கம் என்ஜினின் துளைகள், மறுபக்கம் கியர்பாக்ஸின் துளைகள். செய்வது எளிது போலத் தோன்றும். ஆனால் கிராங்க் சுழலும் அச்சும் கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் சுழலும் அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக. கண்ணால் பார்த்தோ, பழைய கேஸ்கெட்டை அச்சாக வைத்துத் துளை குறித்தோ இந்தத் துல்லியம் வராது.

நல்ல மெக்கானிக் இதை எப்படிச் சோதிப்பார் என்று ஒரு முறை அருகில் நின்று பார்க்க வேண்டும். கிளட்ச்சைப் பூட்டுவதற்கு முன், ஃப்ளைவீலில் ஒரு டயல் கேஜை நிறுத்துவார். அதன் முள் பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். பிறகு ஒருவர் கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவார். முள் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால், அந்த ஏற்ற இறக்கத்தில் பாதிதான் அச்சின் விலகல். அதற்கேற்பத் தகட்டை நகர்த்தி, மறுபடி சுற்றிப் பார்த்து, சரியான இடம் கிடைத்ததும் தகடு நகராதபடி டவல் பின் அடித்து நிறுத்துவார். பொறுமையாகச் செய்தால் ஒரு முழு நாள் போகும். இதைச் செய்யாமல் பூட்டிய வண்டியும் அன்றைக்கு ஓடத்தான் செய்யும். பிறகு கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வரும், முன் பேரிங் ஊளையிடும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விரிசல் விடும். மாற்றி மாற்றிப் பிளேட் போட்டுக்கொண்டே இருப்பார்கள், காரணம் தகட்டில் இருப்பது தெரியாமல்.

அச்சு சரியானாலும் ஆழம் என்று ஒன்று உண்டு. கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனி, கிராங்கின் குழிக்குள் இருக்கும் பைலட் பேரிங்கில் போய் உட்கார வேண்டும். தகட்டின் கனம் கூடிவிட்டால் நுனி எட்டாது. குறைந்துவிட்டால் நுனி முட்டி, கிராங்கை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிளேட்டின் உள் பற்கள் கியர்பாக்ஸுக்கும், அதன் வெளி விட்டம் ஃப்ளைவீலுக்கும் பொருந்த வேண்டும். பட்டறைகளில் இதற்குப் பழைய பிளேட்டின் நடுப்பகுதியைக் கழற்றிப் புதுப் பிளேட்டில் ரிவிட் அடிப்பார்கள். சரியாக அடித்தால் தாங்கும். ரிலீஸ் பேரிங் நகரும் தூரம், செல்ஃப் மோட்டாரின் பல் ஃப்ளைவீல் பல்லில் சேரும் இடம், இவையும் இதே பகுதியில் தீர வேண்டியவை. இத்தனையும் பார்த்த பிறகு என் கருத்து உறுதியானது: என்ஜின் எந்த வண்டியிலிருந்து வருகிறதோ அதே வண்டியின் கியர்பாக்ஸும் கிளட்ச்சும் கூடவே வர வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைப் புதிதாகச் செய்வதும், கியர் லீவருக்குத் தரையில் துளை போடுவதும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி நீளம் சரிசெய்து பேலன்ஸ் பார்ப்பதும் சாதாரண வேலைகள். அடாப்டர் பிளேட் அப்படி இல்லை.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஜின் பழைய இடத்தைவிடக் கொஞ்சம் சாய்ந்தோ உயர்ந்தோ உட்கார்ந்தால் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். முன்முனைக் கோணமும் பின்முனைக் கோணமும் ஏறத்தாழ சமமாக இருக்க வேண்டும், இரண்டும் சில டிகிரிக்குள் அடங்க வேண்டும். இல்லையென்றால் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வண்டி முழுக்க ஒரு அதிர்வு வரும். டயர், அலைன்மென்ட் எல்லாம் பார்த்தும் போகாத அதிர்வுக்கு இது அடிக்கடி காரணம்.

இப்போது கிரவுன் பினியன், அதாவது பின் ஆக்சில் ஹவுசிங்குக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி. இதைப் பலர் மறந்தே விடுகிறார்கள். அம்பாசடரின் 15 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.1 மீட்டர் போகும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர், அதாவது சக்கரம் சுமார் 476 முறை சுற்ற வேண்டும். பின் ஹவுசிங்கின் விகிதம் 4.5 என்று வைத்துக்கொண்டால், டாப் கியரில் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2140 முறை சுற்றும். சௌகரியமான வேகம். 100 கிலோமீட்டரில் அதே கணக்கு 3570ஐத் தொடுகிறது. பிஎம்சி பெட்ரோல் என்ஜின் கத்திக்கொண்டே அதைத் தாங்கும். பழைய வேன் டீசல் பலவற்றுக்கு அது எல்லைக்கு அருகில். அதனால்தான் டீசல் மாற்றிய அம்பாசடர் சிலவற்றில், இழுவை அபாரமாக இருக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு வேகத்துக்கு மேல் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. இதற்கு இரண்டு வழிகள். ஐந்தாம் கியர் உள்ள பெட்டியைப் போடலாம். அந்தக் கியரின் விகிதம் 0.85 என்றால் 100 கிலோமீட்டரில் சுழற்சி சுமார் 3035ஆக இறங்கிவிடும். அல்லது 3.9 போன்ற குறைந்த விகிதக் கிரவுன் பினியன் தேடலாம்.

எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டும். முதல் கியரில் என்ஜினின் முறுக்குவிசை கியர்பாக்ஸிலும் ஹவுசிங்கிலும் பெருகி, சக்கரத்தை அடையும்போது சுமார் 15 மடங்காகிவிடும். 50 குதிரைத்திறன் என்ஜினுக்குச் செய்த ஆக்சிலும் கிரவுன் பற்களும் அதைவிட ஒன்றரை மடங்கு இழுவையைச் சில காலம் பொறுத்துக்கொள்ளும். நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு, ஏற்றத்தில் கிளட்ச்சைச் சட்டென்று விடும் ஒரு நாளில் ஆக்சில் முறியும்.

சூட்டுக்கு வருவோம். எரிபொருள் தரும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. என்ஜினின் சக்தி கூடினால் அந்தச் சூடும் கூடும். புது என்ஜின் நீளமாக இருந்தால் அதன் ஃபேன் ரேடியேட்டரை முட்டும் அளவுக்கு நெருங்கும். ரேடியேட்டரை முன்னால் தள்ள இடம் இல்லாமல் சிலர் ஃபேனையே கழற்றிவிட்டு மின்விசிறி வைக்கிறார்கள். அது தவறில்லை, சுற்றிலும் கூடு வைத்து, காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே வரும்படி செய்தால். வெறுமனே கம்பியில் கட்டிவிட்ட மின்விசிறி காலையில் வேலை செய்யும். மே மாத மதியத்தில், சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது ஊசி சிவப்பை நோக்கி நகரும்.

பிரேக்குக்கு அதிக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் மற்ற எதில் தவறினாலும் வண்டி நின்றுபோகும், இதில் தவறினால் நிற்காது.

பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது காற்று வரும் வழி மூடிக்கொள்கிறது. உள்ளே பிஸ்டன் இழுப்பதால் மேனிஃபோல்டில் ஒரு உறிஞ்சல் உண்டாகிறது, அதுதான் வேக்குவம். பிரேக் பூஸ்டர் இந்த உறிஞ்சலை வைத்துத்தான் நம் காலின் அழுத்தத்தைப் பெருக்குகிறது. பழைய வகை டீசல் என்ஜின் பெரும்பாலானவற்றில் காற்று வழியை மூடும் தகடே இல்லை. வேகத்தைத் தீர்மானிப்பது டீசல் அளவு மட்டுமே. ஆகவே மேனிஃபோல்டில் போதுமான வேக்குவம் உண்டாவதில்லை. பூஸ்டர் உள்ள பெட்ரோல் காரில் டீசல் என்ஜினை இறக்கி, பூஸ்டர் குழாயை மேனிஃபோல்டில் சொருகிவிட்டால் குழாய் இருக்கும், வேலை நடக்காது. பெடல் கல்லாக இருக்கும். இதற்காகவே டீசல் வண்டிகளில் தனி வேக்குவம் பம்ப் இருக்கிறது. பல ஜப்பானிய டீசல்களில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு வரும். "ஆல்டர்னேட்டர் நம்மகிட்ட வேற இருக்கு" என்று அதைத் தூர வைத்துவிட்டுச் சாதாரண ஆல்டர்னேட்டரைப் பூட்டினால், கூடவே பிரேக்கின் பலமும் போய்விடுகிறது. அந்தப் பம்புக்கு என்ஜின் ஆயில் போகும் குழாயும், திரும்பி வரும் குழாயும் உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பூஸ்டர் சரியாக இருந்தாலும் டிரம் பிரேக்கின் எல்லை ஒன்று இருக்கிறது. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 70 கிலோமீட்டரில் ஓடியபோது பிரேக் உறிஞ்ச வேண்டியிருந்த சூட்டைவிட 100 கிலோமீட்டரில் இரண்டு மடங்கு சூட்டை உறிஞ்ச வேண்டும். மலை இறக்கத்தில் டிரம் சூடேறி, லைனிங் வழுக்கத் தொடங்கினால் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. 50 குதிரைத்திறனில் ஓடிய அம்பாசடர் அந்த வேகத்தை அடிக்கடி தொடவே இல்லை. புது என்ஜினோடு அது நாள் முழுக்க அந்த வேகத்தில் போகும். ஆகவே என்ஜினுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கு பிரேக்குக்கு. முன் டிஸ்க் போட வழியிருந்தால் அதைச் செய்துவிட்டுப் பிறகு என்ஜினைத் தொடுங்கள். எந்த மெக்கானிக் இந்த வரிசையைத் தானாகச் சொல்கிறாரோ அவரிடம் வண்டியை நம்பி விடலாம்.

மின்சாரப் பகுதியில் பழைய வண்டிகள் சில ஆச்சரியங்கள் வைத்திருக்கும். பழைய வில்லிஸ் ஜீப்புகளில் இருந்தது 6 வோல்ட் பேட்டரி. டீசலின் அழுத்தத்தை மீறிச் சுற்றும் செல்ஃப் மோட்டாருக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் அது காணாது. 12 வோல்ட்டுக்கு மாற்றினால் பல்பிலிருந்து வைப்பர் மோட்டார் வரை எல்லாம் மாற வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே தகட்டோடு இணைந்திருக்கும். இது தெரியாமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் அதன் டயோடுகள் இணைத்த கணத்திலேயே போய்விடும்.

டீசலை நிறுத்துவதும் ஒரு விஷயம். பெட்ரோல் என்ஜினில் சாவியைத் திருப்பினால் பொறி நிற்கும், என்ஜின் நிற்கும். டீசலில் பொறியே கிடையாது. டீசல் வரத்தை அடைத்தால்தான் நிற்கும். பம்பில் சொலினாய்டு இருந்தால் அதைச் சாவியோடு இணைக்க வேண்டும், இல்லையென்றால் இழுத்து நிறுத்தும் ஒரு கேபிள் டாஷ்போர்டுக்கு வர வேண்டும். டீசல் பம்புக்கு டேங்கிலிருந்து ஒரு குழாய் மட்டும் போதாது. மிச்சம் திரும்பிப் போக இன்னொரு குழாய் வேண்டும், நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் வேண்டும். பழைய பெட்ரோல் டேங்கைக் கழற்றி நன்றாகக் கழுவாமல் டீசலை ஊற்றக் கூடாது. பம்பின் உள் பாகங்களுக்கு டீசல்தான் எண்ணெய். பெட்ரோல் கலந்தால் அவை உலர்ந்து உரசும்.

இதுவரை சொன்னது கம்பியும் குழாயும் உள்ள காலத்து என்ஜின்களைப் பற்றி. இன்றைக்குக் கிடைக்கும் என்ஜின்கள் வேறு ரகம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பிய பம்பின் அழுத்தம் ஒரு பாரில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. எம்பிஎஃப்ஐ என்ஜினுக்குச் சுமார் 3 பார் வேண்டும்; பழைய ரப்பர் குழாய் அந்த அழுத்தத்தில் பிளந்து, சூடான சைலன்சர் மேல் பெட்ரோலைத் தெளிக்கும். காமன் ரெயில் டீசலில் அழுத்தம் 1000 பாரைத் தாண்டும், அங்கே தூசி ஒன்று புகுந்தாலும் நாசில் கெடும்.

அதைவிடப் பெரிய தடை ஈசியு. புது என்ஜினின் கணினி, தான் எந்த வண்டியில் இருக்கிறது என்று தேடும். சாவியில் உள்ள சிப் கிடைக்கவில்லை என்றால் ஸ்டார்ட் ஆகவே விடாது. ஆக்சிலேட்டரில் கேபிள் இல்லை, பெடலில் சென்சார். சக்கர வேகம், ஏசி, கியர் நிலை என்று அது எதிர்பார்க்கும் செய்திகள் பழைய காரில் வராதபோது பிழை விளக்கை எரியவிட்டு, சக்தியைக் குறைத்துக்கொண்டு ஓடும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளிலோ வேறெங்கோ இறக்கிய என்ஜின் வாங்கினால், வெறும் என்ஜினை மட்டும் வண்டியில் ஏற்றி வராதீர்கள். ஈசியு, சாவி, சாவித் துளையைச் சுற்றியிருக்கும் வளையம், பெடல், அறுக்காத வயரிங் முழுவதும், டேங்குக்குள் இருக்கும் பம்ப் என எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள். வயரை வெட்டித் தருகிறேன் என்று சொன்னால் அந்த என்ஜினை விட்டுவிடுவது நல்லது.

ஸ்பீடோமீட்டர் சின்ன விஷயம், ஆனால் பலரை ஏமாற்றும். கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருகிறது. பெட்டி மாறினால் காட்டும் வேகமும் ஓடிய தூரமும் மாறும். மைலேஜ் கூடிவிட்டது என்ற மகிழ்ச்சிக்குச் சில நேரம் இதுவே காரணம்.

இவ்வளவையும் சரியாகச் செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது ஆர்டிஓ ஆபீஸ். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களும் பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்களும் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்கிறது. ஒரே தயாரிப்பு, ஒரே ரக என்ஜினைப் பழுதான என்ஜினுக்குப் பதிலாக வைப்பதுகூட ஆர்டிஓ அனுமதியோடு, புது என்ஜின் எண் ஆர்.சி.யில் ஏற வேண்டிய விஷயம். வேறு எரிபொருளுக்கு மாறச் சட்டம் வைத்திருக்கும் கதவு ஒன்று உண்டு: எரிவாயுவுக்கோ பேட்டரிக்கோ, அங்கீகாரம் பெற்ற கிட் மூலம், விதிகளுக்கு உட்பட்டு மாற்றலாம். பட்டறையில் இறக்கிய மேட்டடோர் டீசல் அந்தக் கதவுக்குள் வராது.

அதாவது இன்றைக்குச் சாலையில் ஓட்ட வேண்டிய அம்பாசடரில் வேறு ரக என்ஜினை இறக்குவது, தொழில்நுட்பமாக எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், சட்டத்துக்கு வெளியே நிற்கும். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது என்ஜின் எண்ணைத்தான். அதனால் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: இருக்கும் பிஎம்சி என்ஜினையே முழுதாகப் பிரித்து வேலை பார்க்கலாம். போரிங் செய்து, கிராங்க் கிரைண்டிங் பார்த்து, ஹெட்டைச் சமன்செய்து, கார்புரேட்டரைச் சரியாக அமைத்தால், தேய்ந்த என்ஜினில் மட்டும் பழகியவர்களுக்கு அது வேறு வண்டியாகத் தெரியும். எளிய என்ஜின், பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன, ஓரமாக நின்றாலும் வழியில் இருக்கும் எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம்.

ஏற்கெனவே மாற்றிய வண்டியை வாங்கப் போகிறவர்கள் ஒரு வேலை செய்யுங்கள். என்ஜின் எண் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, மேலே டேப் ஒட்டி, பென்சிலால் தேயுங்கள், எஃப்.சி.க்கு எடுப்பது போன்ற அதே பென்சில் பிரிண்ட். எழும் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எரிபொருள், சிசி இரண்டையும் பாருங்கள். பழைய காலத்தில் அனுமதி வாங்கி மாற்றிப் பதிவு செய்த வண்டி என்றால் எல்லாம் அந்தப் புத்தகத்திலேயே இருக்கும். ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருந்து பானட்டுக்குள் டீசல் இருந்தால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.